பட்டியலில் விடுபட்ட புரதங்கள்: ஓப்பன்புரோட்டை வைத்து ஒரு சல்லடை வேலை

யூனிபுரோட் என்ற பொதுப் புரதத் தரவுத்தளத்தில் கையால் சரிபார்த்துச் சேர்த்த பகுதியில் மனிதப் புரதங்களுக்கு ஏறத்தாழ 20,400 பதிவுகள் இருக்கின்றன. ஓப்பன்புரோட் என்ற தரவுத்தளத்தில் அதே மனித மரபணுத்தொகுதிக்குப் பல லட்சம் வரிசைகள். மரபணுத்தொகுதியும் ஒன்று, ஆர்என்ஏ படிகளும் கிட்டத்தட்ட அவையேதான், ஆனால் கணக்கு இத்தனை மடங்கு வேறுபடுகிறது. அந்த இடைவெளியில் எவ்வளவு நிஜப் புரதம், எவ்வளவு தற்செயலான எழுத்துச் சேர்க்கை என்று என் கணினியிலேயே சலித்துப் பார்த்த வேலையின் பதிவு இது. ஆய்வகம், பைப்பெட் எதுவும் கிடையாது. லினக்ஸ், பைத்தான், பொதுவெளியில் கிடைக்கும் தரவு, கொஞ்சம் தாராளமான வட்டு இடம். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு எங்கே நேரம் போகும், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தெரிந்தால் போதும் என்ற நோக்கில் எழுதுகிறேன்.

ஏன் விடுபட்டன

மரபணுத்தொகுதிகளைக் குறித்து வைக்கத் தொடங்கிய காலத்தில் சில வழக்கங்கள் நிலைத்துவிட்டன. புரதத்துக்கான செய்தி ஏடிஜி என்ற மூன்று எழுத்துத் தொடக்கக் குறியில் தொடங்க வேண்டும். 100 கோடானுக்குக் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துத் தொகுப்பு) குறைந்தது கணக்கில் வராது. ஓர் ஆர்என்ஏ படிக்கு ஒரு புரதம். 1996-இல் ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதி வெளியானபோதே 100 என்ற எல்லை இருந்தது.

அந்த 100 சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 64 கோடான்களில் மூன்று நிறுத்தக் கோடான்கள். எழுத்துகள் தற்செயலாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடான் நிறுத்தமாக அமையாதிருக்க வாய்ப்பு 61/64. 30 கோடான்கள் தொடர்ந்து தப்பிக்க அதை 30 தடவை பெருக்க வேண்டும். வருவது 0.24. அதாவது குருட்டாம்போக்கில் எழுதிய ஆர்என்ஏ-விலும் ஏடிஜி-யில் தொடங்கும் சட்டகங்களில் (தொடக்கத்திலிருந்து நிறுத்தம்வரை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் நீட்சி) நான்கில் ஒன்று 30-ஐத் தாண்டிவிடும். 100 கோடானுக்கு இதே கணக்கு 0.008. நூறில் ஒன்றுகூட இல்லை. எல்லையை 100-இல் வைத்தவர்கள் இரைச்சலைத்தான் வெட்டினார்கள், கூடவே சில நிஜப் புரதங்களும் போய்விட்டன.

எப்படிப்பட்டவை போயின என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. பழ ஈயின் டார்சல்-லெஸ் மரபணு ஒரே ஆர்என்ஏ-வில் பல குட்டிப் பெப்டைடுகளை, அதாவது குறுகிய அமினோ அமிலச் சங்கிலிகளை, வைத்திருக்கிறது, அவற்றில் பல வெறும் 11 அமினோ அமில நீளம். கால் கணுக்கள் உருவாவதே அவற்றை நம்பித்தான். எலும்புத் தசையில் கால்சியத்தைத் திரும்பச் சேமிப்புக்கு ஏற்றும் பம்பை அடக்கிவைக்கும் மயோரெகுலினுக்கு 46 அமினோ அமிலங்கள். 2015-இல் அது வெளிவரும்வரை அந்த ஆர்என்ஏ "புரதம் தராதது" என்ற பட்டியலில் லிங்க்00948 என்ற பெயரில் கிடந்தது. இப்போது அந்த மரபணுவின் பெயர் எம்ஆர்எல்என். லிங்க்01420-க்கும் இதே கதை. 68 அமினோ அமிலப் புரதம் ஒன்று அதில் இருப்பது தெரிந்ததும் பெயர் என்பிடிஒய் ஆனது. இந்தப் பெயர் மாற்றம் வேலையிலும் இடிக்கும். பழைய கட்டுரையில் "புதிய புரதம்" என்று இருப்பது இன்றைய பட்டியலில் சாதாரணப் பதிவாக உட்கார்ந்திருக்கலாம். எனவே மரபணுவின் பெயரை வைத்து இரண்டு கோப்புகளை ஒப்பிட வேண்டாம்.

முதலில் அளவுகோல்

தெரியாததைத் தேடுமுன், தெரிந்த ஒன்றை என் நிரல் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். அதற்கு எம்ஐஇஎஃப்1 மரபணுவைவிட நல்ல ஆள் கிடையாது. 22-ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவின் பெயர் பெற்ற புரதம் மிட்51, 463 அமினோ அமிலங்கள், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் வேலை. ஆனால் அதே ஆர்என்ஏ-வில், மிட்51 தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே, முழுக்கத் தனியாக இன்னொரு சட்டகம் இருக்கிறது. அது தருவது 70 அமினோ அமிலப் புரதம். யூனிபுரோட்டில் எல்0ஆர்8எஃப்8 என்ற எண்ணில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் உருவாகும் இடைநிலையின் முப்பரிமாண அமைப்பில், மால்சு1 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இது நேரடியாகவே தெரிந்தது. 2018-இல் வெளியான ஓர் அளவீட்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பார்த்த செல்களில் பெயர் பெற்ற மிட்51-ஐவிட இந்தக் குட்டிதான் அதிக அளவில் இருந்தது. மரபணுவின் பெயர்ப்பலகையில் ஒருவர், வீட்டுக்குள் பெரும்பாலும் வேறொருவர்.

நிரல் சிறியதுதான். என்சம்பிள் என்ற மரபணுத்தொகுதித் தளத்திலிருந்து ஆர்என்ஏ படிகளின் ஃபாஸ்டா கோப்பை (வரிசைகளை எழுத்தாக வைக்கும் கோப்பு) இறக்கி, ஒவ்வொரு படியையும் மூன்று சட்டகங்களில், அதாவது முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்திலிருந்து தொடங்கி, படிக்க வேண்டும். டிஎன்ஏ என்றால் ஆறு சட்டகம், இங்கே எந்த இழை என்பது ஏற்கெனவே தெரியும் என்பதால் மூன்று போதும். ஒரே நிறுத்தத்தில் முடியும் பல ஏடிஜி-கள் இருந்தால் முதலாவதை எடுத்துக்கொண்டேன். 30 கோடானுக்குக் குறைந்தவற்றை விட்டேன். ஓப்பன்புரோட்டின் எல்லையும் 30-தான் என்பதால் ஒப்பிட வசதி.

70 அமினோ அமிலம் என்றால் நிறுத்தக் கோடானோடு சேர்த்து 71 கோடான், 213 எழுத்து. நிரலை ஓடவிட்டதும் எம்ஐஇஎஃப்1-இன் படியில் 213 எழுத்து நீளச் சட்டகம் ஒன்று வந்து நின்றது. புரதமாக மொழிபெயர்த்து யூனிபுரோட் வரிசையோடு ஒப்பிட்டேன், எழுத்துக்கு எழுத்து சரி. கூடவே, யாரும் கேள்விப்படாத வேறு சில சட்டகங்களும் அதே படியிலிருந்து வந்தன. மேலே போட்ட 0.24 கணக்குப்படி அவை வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

நிரலில் கவனிக்க இரண்டு இடம். என்சம்பிளில் சில படிகள் முழுமையற்றவை, தொடக்கமோ முடிவோ தெரியாமல் அறுந்து நிற்கும். அவற்றின் ஓரத்தில் முடியும் சட்டகங்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட வேண்டும். இன்னொன்று டிஜிஏ. அது பொதுவாக நிறுத்தம்தான். ஆனால் மனிதனில் 25 செலினோபுரத மரபணுக்கள் அதைச் செலினோசிஸ்டீனாகப் படிக்கின்றன. அந்த மரபணுக்களில் டிஜிஏ-வில் அறுந்த பாதிப் புரதம் "புதியது" என்ற வேடத்தில் வரும். 25 பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து விலக்கிவிட்டால் தொல்லை இல்லை.

தரவுத்தளக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டுதல்

கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்புரோட் முதன்முதலில் 2019-இல் விவரிக்கப்பட்டது. ஓர் ஆர்என்ஏ-வில் பல புரதங்கள் இருக்கலாம் என்ற அடிப்படையிலேயே கட்டப்பட்டது. மனிதன், எலி, வரிக்குதிரை மீன், பழ ஈ, ஈஸ்ட் எனப் பல உயிரினங்களுக்கு வரிசைகள் உண்டு. புரதங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஏற்கெனவே தெரிந்தவை, தெரிந்த புரதத்தின் புதிய வடிவங்கள், முற்றிலும் மாற்றுப் புரதங்கள். புதிய வடிவங்களின் எண் ஐஐ என்றும், மாற்றுப் புரதங்களின் எண் ஐபி என்றும் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறை நிறமாலையில் (துண்டுகளின் நிறையை அளந்து புரதத்தை அடையாளம் காணும் முறை) பெப்டைடு கிடைத்ததா, ரைபோசோம் தடம் (அங்கே ரைபோசோம் ஓடியதற்கான அடையாளம்) இருக்கிறதா, பிற உயிரினங்களில் இணை இருக்கிறதா, தெரிந்த களம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்ற தகவல். வரிசைகளை ஃபாஸ்டாவாகவும், இருப்பிடங்களைப் பெட் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கும்போது "எல்லாம் வேண்டும்" என்று கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்பது நிறமாலைப் பகுதியில் தெரியும். ஏதாவது ஒரு சான்றாவது உள்ளவற்றை மட்டும் எடுத்தேன்.

இதோடு ஜென்கோட் என்ற மரபணுக் குறிப்புத் திட்டத்தின் ரைபோ-செக் (ரைபோசோம் தடப் பதிவு) பட்டியலையும் சேர்த்தேன். 2022-இல் வெளியான முதல் கட்டத்தில் 7,264 சட்டகங்கள். முன்பு வெளியான ஆய்வுகளில் ரைபோசோம் தடம் காட்டியவற்றைத் தொகுத்து, என்சம்பிளின் ஆர்என்ஏ படிகளோடு பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஓப்பன்புரோட் கணக்கிட்டு எடுத்த பட்டியல், இது சோதனையில் தென்பட்டதைத் தொகுத்த பட்டியல். அதனால்தான் இரண்டையும் மோதவிடுவதில் பலன் இருக்கிறது. சார்ஃப்ஸ், ஸ்ம்புரோட், என்ஆர்ஃப்ஸ் என்று வேறு தளங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் முறை, ஒன்று இன்னொன்றின் எண்ணைச் சொல்வது அரிது.

ஒரே புரதம் நான்கு தளத்தில் நான்கு பெயரில் இருக்கும்போது செய்ய வேண்டியது, தளங்களின் எண்களை நம்பாமல் நாமே ஒரு சாவி உண்டாக்குவது. புரத வரிசையின் எம்டி5 எண்ணை (ஒரே வரிசைக்கு எப்போதும் ஒரே சுருக்க எண்) எடுத்தேன். அதோடு குரோமோசோம், இழை, நிறுத்தக் கோடானின் இருப்பிடம் மூன்றையும் ஒட்டினேன். வரிசையை மட்டும் வைத்தால், மரபணுத்தொகுதியில் இரண்டு இடத்தில் இரட்டித்திருக்கும் மரபணுக்கள் ஒன்றாகிவிடும். இருப்பிடத்தை மட்டும் வைத்தால், வேறு தொடக்கம் எடுத்துக்கொண்ட வடிவங்கள் கலந்துவிடும். நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. தொடக்கம் எது என்பதில் தளங்கள் சண்டை போடும், நிறுத்தத்தில் போடாது.

இருப்பிடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெட் கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஜிடிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும். ஓர் எழுத்து நகர்ந்தால் சட்டகமே மாறிவிடும். மாறினாலும் நிரல் முறையிடாது, அமைதியாகத் தவறான விடை தரும். நான் வைத்த காவல் எளிமையானது. ஒவ்வொரு சட்டகத்தின் எக்ஸான் (ஆர்என்ஏ-வில் தங்கும் பகுதி) துண்டு நீளங்களையும் கூட்டி மூன்றால் வகுப்பேன், மீதி வந்தால் அந்த வரிசை நிற்கும். அடுத்து, மரபணுத்தொகுதியிலிருந்து அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டி மொழிபெயர்ப்பேன், தளம் தந்த புரதத்தோடு பொருந்த வேண்டும். இரண்டு சோதனையும் தாண்டாத எதையும் அடுத்த கட்டத்துக்கு விடவில்லை. மனித மரபணுத்தொகுதியின் ஜிஆர்சிஎச்37, ஜிஆர்சிஎச்38 என்ற இரு பதிப்புகளின் எண்கள் கலந்த பழைய கோப்புகள் எல்லாம் இந்த இரண்டாவது வடியில்தான் மாட்டுகின்றன.

ரைபோசோம் தடம்

ரைபோசோம் தடப் பதிவு 2009-இல் வந்த முறை. செல்லில் ஓடிக்கொண்டிருக்கும் ரைபோசோம்களை அப்படியே நிறுத்தி, மூடப்படாத ஆர்என்ஏ-வை நொதியால் வெட்டிவிட்டால், ரைபோசோமுக்கு அடியில் மறைந்திருந்த 28 முதல் 30 எழுத்துத் துண்டுகள் மிஞ்சும். அவற்றை வரிசைப்படுத்தி, எங்கிருந்து வந்தன என்று பொருத்தினால், எந்தெந்த இடத்தில் மொழிபெயர்ப்பு நடந்தது என்று தெரியும்.

சொந்தமாகத் தரவை இறக்குமுன் ஜிவிப்ஸ்-விஸ், ட்ரிப்ஸ்-விஸ் தளங்களில் மரபணுவைத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. எம்ஐஇஎஃப்1-ஐப் போட்டால் முன்பகுதியில் அந்தக் குட்டிச் சட்டகத்தின் மேல் தடங்கள் நெருக்கமாக நிற்பது கண்ணிலேயே தெரியும்.

என் கணினியில் செய்தது வழக்கமான வரிசைதான். தயாரிப்பின்போது சேர்த்த செயற்கை ஒட்டுத்துண்டுகளை வெட்டுதல், ரைபோசோமின் சொந்த ஆர்என்ஏ-வைக் கழித்தல் (பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தாலும் பதறத் தேவையில்லை), ஸ்டார் நிரலால் பொருத்துதல். அதன்பின் துண்டின் தொடக்கத்திலிருந்து 12 எழுத்து தள்ளி ரைபோசோம் படித்துக்கொண்டிருந்த கோடானின் இடம் என்று வைத்து, ஒவ்வொரு துண்டும் மூன்று சட்டகங்களில் எதில் விழுகிறது என்று எண்ண வேண்டும். ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகத்தான் நகரும். ஆகவே நிஜ மொழிபெயர்ப்பு என்றால் பெரும்பாலான துண்டுகள் ஒரே சட்டகத்தில் குவிய வேண்டும்.

இந்த எண்ணிக்கையை முதலில் நன்கு தெரிந்த புரதங்களின் மேல் செய்ய வேண்டும். ஆக்டின், ட்யூபுலின் போன்றவற்றிலேயே மூன்று சட்டகங்களும் சமமாக வந்தால் அந்தத் தரவு நம் வேலைக்கு உதவாது. அதில் புதுச் சட்டகம் தேடுவது வீண். பொதுவெளித் தரவில் இப்படிக் கழிந்தவை கணிசம். 12 என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. துண்டு நீளத்துக்கு ஏற்ப மாறும், தெரிந்த தொடக்கக் கோடான்களின் மேல் பார்த்து நீளத்துக்கு நீளம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தடம் இருந்தால் புரதம் உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏடிஎஃப்4 மரபணுவைப் பாருங்கள். அதன் முன்பகுதியில் இரண்டு சட்டகங்கள். முதலாவது மூன்று அமினோ அமிலம் மட்டுமே. இரண்டாவது ஏடிஎஃப்4-இன் தொடக்கத்தையே தாண்டிப் போகிறது. செல் நெருக்கடியில் இல்லாதபோது ரைபோசோம்களை இந்த இரண்டாவது சட்டகம் இழுத்துக்கொள்ளும், ஏடிஎஃப்4 உருவாகாது. நெருக்கடி வந்ததும் ரைபோசோம்கள் அதைத் தாண்டிப்போய் ஏடிஎஃப்4-ஐப் படிக்கும். இங்கே மொழிபெயர்ப்பே ஒரு சுவிட்ச். வெளிவரும் பெப்டைடு என்ன ஆனாலும் செல்லுக்குக் கவலையில்லை. தடத்தை மட்டும் பார்த்தால் எம்ஐஇஎஃப்1-இன் குட்டியையும் இதையும் பிரிக்க முடியாது.

தெரிந்த புரதத்தின் சட்டகத்துக்குள்ளேயே, ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ நகர்ந்து ஒளிந்திருக்கும் சட்டகங்கள் இன்னும் சிக்கல். எஃப்யூஎஸ் மரபணுவுக்குள் இப்படி 170 அமினோ அமில மாற்றுப் புரதம் ஒன்று இருப்பது 2021-இல் வெளிவந்தது. இத்தகைய இடங்களில் மேலோங்கி நிற்பது முதன்மைப் புரதத்தின் தடம். நகர்ந்த சட்டகத்தின் குவிப்பு அதற்குள் அமுங்கிவிடும். பிற உயிரினங்களோடு ஒப்பிட்டு வரிசை காப்பாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் இங்கே கைகொடுக்காது. காப்பாற்றப்பட்டிருந்தாலும் அது எந்தப் புரதத்துக்காக என்று எப்படிச் சொல்வது? இந்த வகையைத் தனித் தாளில் போட்டுவிட்டேன். அவற்றுக்கு நிறமாலைச் சான்று இல்லாமல் எந்த மதிப்பெண்ணும் தரவில்லை.

நிறமாலை: நேரமெல்லாம் போன இடம்

ட்ரிப்சின் என்ற நொதி புரதத்தை லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்கு அடுத்து வெட்டும். நிறை நிறமாலைக் கருவி அந்தத் துண்டுகளின் நிறையையும், உடைத்தால் வரும் சில்லுகளின் நிறையையும் தரும். தேடல் நிரல், நாம் தரும் புரதப் பட்டியலைக் கணினிக்குள்ளேயே வெட்டி, எந்தத் துண்டு இந்த நிறமாலைக்குப் பொருந்துகிறது என்று பார்க்கும். பட்டியலில் இல்லாத புரதத்தை அது ஒருபோதும் கண்டுபிடிக்காது. இந்தப் புரதங்கள் இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பல லட்சம் வரிசைகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன? சேர்க்கலாம், ஆனால் தேடும் வெளி பெரிதாகும் அளவுக்குத் தற்செயல் பொருத்தமும் பெருகும். நிரல் அதை ஈடுகட்ட வாசலை உயர்த்தும். கடைசியில் நிஜப் பெப்டைடுகளும் வெளியே நிற்கும். எனவே யூனிபுரோட் முழுவதும், கெரட்டின், ட்ரிப்சின் போன்ற வழக்கமான மாசுகள், சான்றோடு வந்த மாற்றுப் புரதங்கள், இவ்வளவுதான் என் கோப்பு. பிழை விகிதத்தையும் மொத்தமாகக் கணக்கிடக்கூடாது. மொத்தத்தில் ஒரு சதவீதப் பிழை என்றால் தெரிந்த புரதங்களின் ஆயிரக்கணக்கான நல்ல பொருத்தங்கள் அந்தச் சராசரியை அழகாகக் காட்டும். பிழைகளில் பெரும்பகுதி புதியவற்றின் தலையில்தான் விடியும். மாற்றுப் புரதங்களுக்கு மட்டும் தனியாகப் பிழை விகிதம் எடுத்தேன், பட்டியல் உடனே சுருங்கியது.

மிஞ்சிய ஒவ்வொரு பெப்டைடையும் "இதைத் தெரிந்த புரதம் ஏதாவது தந்திருக்க முடியுமா?" என்று கேட்பது அடுத்த வேலை. இங்கேதான் பெரும்பாலானவை விழுந்தன. எப்படி விழுகின்றன என்று ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன்.

ஜிஏபிடிஎச் எல்லாச் செல்லிலும் கொட்டிக் கிடக்கும் புரதம். மனித மரபணுத்தொகுதியில் அதன் செத்த நகல்கள், அதாவது போலி மரபணுக்கள், அறுபது வாக்கில் இருக்கின்றன. ட்ரிப்சின் வெட்டினால் ஜிஏபிடிஎச்-இலிருந்து 15 அமினோ அமிலப் பெப்டைடு ஒன்று வரும்: கிளைசின், அலனின், லூசின், குளூட்டமின், அஸ்பராஜின், ஐசோலூசின், ஐசோலூசின், புரோலின் என்று போய் லைசினில் முடியும். நிறமாலைத் தரவில் இது அடிக்கடி வரும் முகம். இப்போது ஒரு போலி மரபணுவில் அந்த ஐசோலூசின்களில் ஒன்று லூசினாக மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் நிறை ஒன்றே, 113.084 டால்டன். சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்று. ஆனால் எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் நிரலுக்கு இது "யூனிபுரோட்டில் இல்லாத புதுப் பெப்டைடு". ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்திலும் எல்லா ஐசோலூசினையும் லூசினாக மாற்றிவிட்டால் இந்த வகை மொத்தமும் கழியும். ஒரு வரி நிரல்.

அதே இடத்தில் அஸ்பராஜினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தால்? நிறை 0.984 டால்டன் கூடும். ஆனால் சாதாரண ஜிஏபிடிஎச் பெப்டைடிலேயே அஸ்பராஜின் தானாக அமைடை இழந்து அஸ்பார்டிக் அமிலமாவது, மாதிரியைத் தயாரிக்கும்போதே நடக்கும் சங்கதி. கூடும் நிறை அதே 0.984. தேடலில் இந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்காவிட்டால், நிரலுக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம் போலி மரபணுதான். அதையே தூக்கிக் கொடுக்கும். கனமான கார்பன் ஒன்று சேர்ந்தால் கூடுவது 1.003. இரண்டுக்கும் வித்தியாசம் 0.019 மட்டுமே, துல்லியம் குறைந்த கருவித் தரவில் இதுவும் குழப்பும். ஆகவே ஒவ்வொரு புதுப் பெப்டைடுக்கும், ஓர் அமினோ அமிலம் மட்டும் வேறுபடும் துண்டு தெரிந்த புரதங்களில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த வேறுபாட்டின் நிறை வழக்கமான வேதி மாற்றம் ஏதாவதோடு பொருந்துகிறதா என்று ஓர் அட்டவணையோடு சரிபார்த்தேன். மனிதரிடையே பரவலாக உள்ள மரபணு வேறுபாடுகளையும் இதே வடியில் போட வேண்டும். செல்லின் உரிமையாளரிடம் ஒரு எழுத்து வேறாக இருந்ததால் வந்த "புதிய புரதம்" நிறைய.

போலி மரபணுவிலிருந்து வருவது எதுவும் நிஜமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாய் மரபணு அவ்வளவு அளவில் இருக்கும்போது நிரூபிக்கும் சுமை போலியின் மேல்தான். ரைபோசோம் தடத்திலும் இதே சிக்கல் உண்டு. 28 எழுத்துத் துண்டு தாயிலும் போலியிலும் ஒரேபோல் பொருந்தும். ஒரே இடத்தில் மட்டும் பொருந்தும் துண்டுகளை எண்ணினால் பல போலி மரபணுக்களின் தடம் காணாமலே போகிறது.

இவ்வளவும் தாண்டியவற்றுக்கு நிறமாலையைக் கண்ணால் பார்த்தேன். ப்ரோசிட் போன்ற கணிப்பு நிரல், ஒரு பெப்டைடு உடைந்தால் எந்தச் சில்லு எவ்வளவு உயரத்தில் வரும் என்று கணித்துத் தரும். அதை மேலேயும் கிடைத்த நிறமாலையைக் கீழேயும் கண்ணாடிப் பிம்பமாக வைத்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் நன்றாக இருந்தும் உயரமான சில்லுகள் எதற்கும் கணக்குச் சொல்லாத பொருத்தங்கள் இங்கே உதிர்ந்தன. இதைத் தானியக்கமாக்க முடியும். ஆனாலும் கொஞ்சமாவது கையால் பார்த்தால்தான் எதை நம்புகிறோம் என்று நமக்கே தெரியும்.

ஹ்யூப்போ என்ற சர்வதேச மனிதப் புரதத்தொகுதி அமைப்பின் நெறிமுறைப்படி, ஒரு புரதம் உண்டு என்று சொல்ல ஒன்பது அமினோ அமிலமாவது நீளமுள்ள, ஒன்றுக்குள் ஒன்று அடங்காத, வேறெங்கும் பொருந்தாத இரண்டு பெப்டைடுகள் வேண்டும். பெரிய புரதங்களுக்கு நியாயமான விதி. குட்டிகளுக்கு இது இரும்புக்கதவு. 70 அமினோ அமிலத்தில் லைசினும் ஆர்ஜினினும் எங்கே விழுகின்றன என்பது அதிர்ஷ்டம், சிலவற்றில் ட்ரிப்சினுக்குப் பிறகு கருவி பார்க்கக்கூடிய நீளத்தில் ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சும். டார்சல்-லெஸ்ஸின் 11 அமினோ அமிலப் பெப்டைடு இந்த விதியை எந்தக் காலத்திலும் தாண்டாது, 30 கோடான் எல்லையையும் தாண்டாது. நான் விதியைத் தளர்த்தவில்லை. அதற்குப் பதிலாக "இந்தப் புரதம் தரக்கூடிய தகுதியான பெப்டைடுகள் எத்தனை" என்று கணக்கிட்டு ஒரு நெடுவரிசை சேர்த்தேன். இரண்டு தரமுடியாத புரதத்துக்கு இரண்டு கிடைக்கவில்லை என்பது எதிர்ச்சான்று ஆகாது. பத்து தரக்கூடிய புரதத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

தாளில் மிஞ்சியது

இப்போது என் தாளில் நான்கு குவியல். நிறமாலையும் தடமும் இரண்டும் உள்ளவை மிகச் சில. அவற்றில் பல ஏற்கெனவே யூனிபுரோட்டுக்குள் போய்விட்டவை, எம்ஐஇஎஃப்1-இன் குட்டியைப் போல. இது எனக்கு ஏமாற்றமாக இல்லை. சல்லடை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும். நிறமாலை மட்டும் உள்ள குவியலை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், பெரும்பாலும் தாய் மரபணுவின் நிழல் இன்னும் எங்கோ இருக்கிறது. முதன்மைச் சட்டகத்துக்குள் ஒளிந்தவை தனித் தாளில் காத்திருக்கின்றன. தடம் மட்டும் உள்ள குவியல்தான் மிகப் பெரியது.

ஓப்பன்புரோட்டின் சான்று நெடுவரிசையை என் முடிவுகளோடு ஒப்பிட்டால், ஒரே ஒரு பெப்டைடு மட்டும் உள்ள வரிசைகளில்தான் வேறுபாடு அதிகம். தளத்தைக் குறை சொல்ல முடியாது. பிழை விகிதத்தை அவர்கள் மிகக் கடுமையாகவே வைத்திருக்கிறார்கள், பெப்டைடுகளையும் திறந்தே காட்டுகிறார்கள். அந்தப் பெப்டைடுகளை எடுத்து அமைடு இழப்பு வடியிலும் மரபணு வேறுபாட்டு வடியிலும் ஒரு தடவை போடாமல் மேற்கோள் காட்ட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. கோப்பின் பெயரிலேயே தளத்தின் பதிப்பு எண்ணையும் என்சம்பிள் வெளியீட்டு எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த வெளியீட்டில் படிகள் சேரும், நீங்கும், நேற்றைய மாற்றுப் புரதம் இன்று தெரிந்த புரதமாகியிருக்கும்.

தடம் மட்டும் உள்ள குவியலுக்கு அடுத்த சோதனை எச்எல்ஏ பெப்டைடுத் தரவு. செல்லுக்குள் உருவாகி உடனே சிதைக்கப்படும் புரதங்களின் துணுக்குகளும் செல்லின் மேற்பரப்பில் எச்எல்ஏ என்ற நோயெதிர்ப்பு மூலக்கூறுகளில் ஏற்றிக் காட்டப்படுகின்றன. எனவே நிலைத்து நிற்காத புரதமும் அங்கே தலைகாட்ட வாய்ப்புண்டு. முதல் வகை எச்எல்ஏ-வில் நீளம் பெரும்பாலும் 8 முதல் 11 அமினோ அமிலம். ட்ரிப்சின் கிடையாது என்பதால் எங்கே வேண்டுமானாலும் வெட்டு விழும், தேடும் வெளி மறுபடியும் வீங்கும். அதனால் மாற்றுப் புரதக் கோப்பைக் கழற்றிவிட்டு, யூனிபுரோட்டோடு ஜென்கோட்டின் 7,264-ஐ மட்டும் வைத்து, லூசின்-ஐசோலூசின் வடியை முன்னாலேயே போட்டு ஓடவிட்டிருக்கிறேன். இதில் ஒரு பெப்டைடு கிடைத்தால் அது மொழிபெயர்ப்பு நடந்ததற்கான சான்று என்று மட்டுமே தாளில் ஏறும். புரதம் நிலைத்து நின்று வேலை செய்கிறது என்பதற்கான நெடுவரிசை அப்போதும் காலியாகத்தான் இருக்கும்.